நாலு போலிக் குடிகளும் ஒரு மிசினும்

— ஒங்கட போலிக் குடி நாலும் மிச்சம் நல்ல புள்ளைகள், தனுஷா. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

— நல்ல பிள்ளைகளா இருந்தா என்ன பயம், றிப்ஷான்?

— கூப்பிட்ட உடன வருகுதுகள். காளாஞ்சித் தட்ட வாங்குதுகள். போகுதுகள். ஒண்டாவது மூஞ்ச நீட்டிக்கொண்டு நிக்கணுமே? ஒண்டாவது தட்டில வெத்தில வாடிக் கிடக்கெண்டு சண்டைக்குக் கொழுவணுமே? இப்பிடியாப்பட்ட குடியள நான் மட்டக்களப்பில எங்கயும் காணல்ல.

— கொழுவுறத நான் சோதிக்கல்ல. கூப்பிடுற ஒழுங்க மட்டும்தான் சோதிச்சன். ஊரும் அதத்தானே கேட்ட.

— போலிக் குடியா? ஆர் போலிக் குடி?

— அப்பா! நீங்க எப்ப இந்த மைக் கொட்டிலுக்குள்ள வந்தீங்க? அது கம்பியூட்டர்க் கதை.

— கம்பியூட்டர்க் கதையோ, களத்துமேட்டுக் கதையோ. கோயில் கணக்குவழக்குப் பாக்கிற வண்ணக்கர் நான், வேலாப்போடி குடியில பிறந்த நல்லரத்தினம், இஞ்ச உயிரோட நிக்கிறன். என்ட குடியையுமா போலியாக்கின நீ?

— நாலு குடியையும்தான் அப்பா. ஒருத்தருக்கும் பாரபட்சம் காட்டல்ல.

— என்ன பகிடி இது, மகள்? சடங்கு முடியப் போற நேரம். இன்னும் பத்து நிமிசத்தில அம்மன்ட காளாஞ்சி வெத்திலத் தட்டு வாங்கக் குடி குடியா அழைக்கணும்.

— இந்தக் கதிரையில இருங்க, சொல்லுறன். எங்கட மிசின் முதல்ல கோரையன் குடியக் கூப்பிடணும், ரெண்டாவது வேலாப்போடி, மூண்டாவது வில்லடி, நாலாவது மஞ்சளடி. சரிதானே? அது சரியாக் கூப்பிடுதா எண்டு பாக்க ஒவ்வொரு நாளும் நாலு குடித் தலைவரையும் வேட்டி சால்வையோட கூட்டி வந்து நிப்பாட்டேலுமா?

— நிப்பாட்டினா முதலாம் நாளே கைகலப்பு.

— அதுதான் கம்பியூட்டருக்குள்ள நாலு பேரப் போலியாச் செஞ்சு வெச்சன். அவங்களுக்கு ஒரே வேலதான். தங்களக் கூப்பிட்டா வந்து வாங்கிறது, ஆருக்குப் பிறகு ஆரெண்டு ஞாபகம் வெச்சிருக்கிறது. கடைசில நான் கேப்பன், சொல்லுவாங்க. ஒழுங்கு சரியெண்டா இந்தக் கோடு பச்சை. பிழைச்சா சிவப்பு. எண்ணூறு தரம் ஓடவிட்டன். எண்ணூறும் பச்சை.

— மனுசன் எண்டா எட்டாந்தரமே தன்ட மச்சான்ட பேர முன்னுக்குச் செருகியிருப்பான்.

— செருகினதாலதானே, நல்லரத்தினம் காக்கா, மூண்டு வருசம் கோயிலுக்குப் பூட்டு? எங்கட வாப்பாட சவுண்ட் செட் அண்டைக்கு இஞ்சதான் நிண்ட. ரெண்டு ஹோர்ன் நசிஞ்ச. நசிஞ்ச ஹோர்ன்ல ஒண்ட இப்பவும் கடையில வெச்சிருக்கம். ஆக்கள் என்ன இதெண்டு கேட்டா, குடி அழைப்பு எண்டு சொல்லுவம்.

— தம்பி, அது பழைய கதை. அழைப்புக்காரன் வேலாப்போடியெண்டு முதல்ல சொன்னான். எனக்கு அது சரியாப் பட்ட. கோரையன் குடியாருக்குப் பிழையாப் பட்ட. கதிரை பறந்த. நான் கேஸ் போட்டன். தீர்ப்பு அவங்கட பக்கம் போன. நான் ஏத்துக்கொண்டன்.

— ஏத்துக்கொண்டு மறுகா ஏன் மிசின்?

— தீர்ப்ப ஏத்துக்கொண்டன், தம்பி. ஆனா எனக்கு முந்தி அவங்கட பேர ஒரு மனுசன்ட வாய் சொல்ல, அத நான் நிண்டு கேக்க, அது மட்டும் ஏலாது. மிசின் சொன்னா மழை பெய்யிற மாதிரி. ஆரோட கோவிக்கிற?

— அதாலதான் குரலுக்கும் உங்கட தங்கச்சி பஸ்னாவப் பிடிச்ச, றிப்ஷான். நாலு குடிக்கும் சொந்தமில்லாத குரல் வேணுமெண்டு அப்பா ஒத்தக் கால்ல நிண்டார்.

— அவள் வீட்டில ரெண்டு நாளா ‘கோரையன் குடியார்’, ‘கோரையன் குடியார்’ எண்டு பாடமாக்க, உம்மா பயந்து போய் தண்ணி ஓதிக் குடுத்த. எங்கட பள்ளிவாசல்லயும் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்கார்தானே. அங்கயும் ஆருக்கு முந்தி ஆரெண்டு வந்தா, அல்லாஹ்வே, ரமழான் பிறையக் கண்டாலும் ஒத்துக்கொள்ளுவாங்க, அத மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாங்க.

— சரி, சரி. மகள், கடதாசியில எழுதின நாலு கட்டளையும் மிசினுக்குள்ள போட்டாச்சுதானே?

— போட்டாச்சு. ஒண்டு, தீர்ப்பில சொன்ன ஒழுங்கு. ரெண்டு, ஒரு குடி தட்ட வாங்கி, ஐயர் தன்ட கையில இருக்கிற பட்டன அமத்தினாப் பிறகுதான் அடுத்த குடி. மூண்டு, பதில் ஆள் கூடாது. அந்தக் குடியில பிறந்தவர்தான் கையால வாங்கணும். நாலு, ஒரு குடியத் தாண்டிப் போற பட்டன் மிசின்ல இருக்கப்படாது.

— நாலாவது நான் சொல்லிப் போட்டது. தாண்டிற பட்டன் இருந்தா, எங்களத் தாண்டினதெண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். நான் பட்டறிஞ்சவன், கேட்டியோ. சரி, நான் போய் முன்னுக்கு நிக்கிறன். என்ட சால்வ நேரா கிடக்கா?

— கிடக்கு அப்பா.

— உன்ட அம்மா...

— என்ன அப்பா?

— ஒண்டுமில்ல. அம்மாட்டச் சொல்லு, வீட்டுப் பூட்டுச் சாவி மேசைக்கு மேல கிடக்கெண்டு.

— நீங்களே சொல்லலாமே.

— சொல்லு எண்டா சொல்லு. நான் வாறன்.

— போயிட்டார். தனுஷா, கேக்கப்படாது, ஆனாக் கேக்கிறன். ஒங்கட உம்மாவும் வாப்பாவும் கதைச்சுப் பறையிறல்லயா?

— மூண்டு வருசமா. சோத்துக் கோப்பை மேசையில இருக்கும். இவர் வந்து சாப்பிடுவார். சந்தைக்கு என்ன வேணுமெண்டு அம்மா எனக்குச் சொல்லுவா, நான் இவருக்குச் சொல்லுவன். ஒரே விறாந்தையில ரெண்டு பேரும் நிண்டுகொண்டு, நடுவில நான் தபால்காரி.

— எதுக்கு?

— அம்மா ஆர் எண்டு நினைச்சீங்க? கோரையன் குடி. இவர் கேஸ் போட்டது அம்மாட கூடப் பிறந்த சிவதர்ஷன் மாமாட மேலதான்.

— அல்லாஹ்வே! அப்ப நீங்க இருக்கிற வீடு?

— அம்மாட சீதனம். வளவு அம்மாட. வயல் வட்டையில இருக்கிற மூண்டு ஏக்கரும் அம்மாட.

— அவட ஊட்டில இருந்துகொண்டு, அவட சோத்தத் திண்டுகொண்டு, அவட குடிக்கே கேஸா? ஒங்கட வாப்பா சாதாரண மனுசன் இல்ல.

— தாயாலதானே குடி வருது. அப்பிடிப் பாத்தா நானும் கோரையன் குடிதான். அது மட்டும் அப்பாட மண்டையில ஏறாது. நான் அவருக்கு மகள், குடி எண்டா வெளியில நிக்கிற ஆம்பிளைகள்.

— சரி, அத விடுங்க. இஞ்ச பாருங்க, பச்சைக்குக் கீழ அஞ்சாவதா ஒரு கோடு கிடக்கு. சாம்பல் நிறத்தில. ஓடவே இல்ல. அது என்ன சோதனை?

— அது... அத விடுங்க. இன்னும் முடியல்ல.

— முடியாத சோதனைய வெச்சுக்கொண்டு மிசினக் கோயிலுக்குக் கொண்டு வந்தீங்களா? ஆபீஸில இத நான் செஞ்சா நீங்க என்னத் திண்டிருப்பீங்க.

— ஸ்ஸ். மணி அடிக்குது. ஐயர் தட்ட எடுத்திட்டார். சத்தத்தக் கூட்டுங்க.

— கூட்டிட்டன். பிஸ்மில்லா.

— *கோரையன் குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். முதலாந்தரம்.*

— என்ன தெளிவு! எங்கட பஸ்னாவா இது? வீட்டில கதைச்சா ஒரு சொல் விளங்காது.

— வெளியில என்ன நடக்குதெண்டு பாருங்க. கிடுகில ஓட்டை இருக்கு, அதால.

— பாக்கிறன். ஐயர் தட்ட நீட்டிக்கொண்டு நிக்கிறார். சனம் பின்னால திரும்பித் திரும்பிப் பாக்குது. ஒருத்தரும் வரல்ல. ஒங்கட வாப்பா சால்வையச் சரிப்படுத்திறார். அவர்ட முகத்தில கொஞ்சம் சிரிப்புத் தெரியுது.

— கொஞ்சம் பொறுங்க, அந்தச் சிரிப்பு மாறும்.

— *கோரையன் குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். இரண்டாந்தரம்.*

— தனுஷா, ஆக்கள் இல்ல போல. இந்தா, ஒங்கட வாப்பா ஓடி வாறார்.

— மகள்! எங்க அவன்? எங்க உன்ட மாமா? மூண்டு வருசம் என்னக் கோட்டுக்கு இழுத்து முதலிடம் எடுத்தவன், இப்ப எங்க?

— இழுத்தது நீங்க அப்பா. மாமா கனடாவில.

— சடங்குக்கு வாறன் எண்டான்! ஊரெல்லாம் போன் அடிச்சுச் சொன்னான்!

— லீவு குடுக்கல்லயாம். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப லைவ்ல பாத்துக்கொண்டு இருக்கிறார்.

— அவன்ட தம்பி?

— கட்டாரில. பெரியம்மாட பொடியன்மார் ரெண்டு பேரும் பிரான்ஸ். கோரையன் குடியில ஊர்ல இருந்த கடைசி ஆம்பிளை கந்தப்பர் தாத்தா. அவர் போன மாசி மாசம் செத்துப் போனார். நீங்கதானே பாடைக்குக் கம்பு வெட்டின.

— அப்ப முதல் குடிக்கு ஊரில ஆளே இல்லயா! அடக் கடவுளே. இந்த முதலிடத்துக்கா நான் மூண்டு வருசம் சண்ட பிடிச்ச?

— காக்கா, போன் எடுத்து வீடியோவில அவரக் காட்டி, போனுக்கு முன்னால தட்ட நீட்டினா?

— கையால வாங்கணும், தம்பி. மூண்டாங் கட்டளை. நான் எழுதினது.

— அப்ப ஆரையாவது நிப்பாட்டுவம். எண்ணூறு தரம் போலி வாங்கினதுதானே? எண்ணூத்தோராவதையும் ஒரு போலி வாங்கட்டும்.

— பதில் ஆள் கூடாது. அதுவும் நான் எழுதினதுதான். மகள், தாண்டு. கோரையன் குடியத் தாண்டி எங்களக் கூப்பிடு.

— தாண்டிற பட்டன் இல்லயே அப்பா. நாலாங் கட்டளை.

— நானும் ஒரு பேச்சுக்குச் சொன்னா, நீ அப்பிடியே செய்யிறதா?

— கையெழுத்தும் வெச்சீங்க. பேச்சுக்கு ஆரும் கையெழுத்து வெக்கிறல்ல.

— கறன்ட நிப்பாட்டுவம் காக்கா? பிளக்கக் கழட்டினா மிசின் செத்திரும்.

— திரும்பப் போட்டா முதல்ல இருந்து துவங்கும், றிப்ஷான். கோரையன் குடியார், முதலாந்தரம்.

— போடாம விட்டா?

— போடாம விட்டா மிசினக் குழப்பினது வேலாப்போடி குடியெண்டு வரும். வண்ணக்கர்ட மகள்தானே மிசினுக்குப் பக்கத்தில.

— *கோரையன் குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். மூன்றாந்தரம்.*

— அந்தப் புள்ளைட வாய மூடு மகள்! தம்பி, உன்ட தங்கச்சிக்குக் கொஞ்சமும் களைப்பு வராதா?

— மிசினுக்கு என்ன களைப்பு, காக்கா? மழை பெய்யிற மாதிரியெண்டு நீங்கதானே சொன்ன. அங்க பாருங்க, வில்லடிக் குடிப் பொடியன்மார் வேட்டிய மடிச்சுக் கட்டுறானுகள். மஞ்சளடியார் கேக்கிறார், இது வேலாப்போடியார்ட சூழ்ச்சியோ எண்டு. கேற்றடியில பொலிஸ் ஜீப்பும் வந்திட்டு.

— என்னைத்தான் சொல்லுவாங்க. கேஸிலயும் தோத்து, மிசினையும் கொண்டு வந்து குழப்பிப்போட்டான் எண்டு. இண்டைக்குக் குழம்பினா மறுகாவும் பூட்டு. இந்த முறை திறக்கிறதுக்கு நான் உயிரோட இருப்பனோ தெரியாது. மூண்டு வருசம் அம்மனுக்கு ஒரு விளக்கு வெக்க ஆளில்லாமக் கிடந்த. நான் ராவில நித்திரையில்லாம எத்தின தரம் வந்து அந்தப் பூட்டப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், தெரியுமா உனக்கு?

— தெரியும் அப்பா.

— அப்ப ஏதாவது செய், மகள்!

— நான் என்ன செய்யிற? கடதாசிய வாசிங்க. அதில ‘ஆம்பிளை’ எண்டு எங்கயாவது கிடக்கா?

— என்ன?

— ‘அந்தக் குடியில் பிறந்தவர்.’ அவ்வளவுதான் கிடக்கு.

— பொம்பிளயா? காளாஞ்சிய ஒரு பொம்பிள முன்னுக்குப் போய் வாங்கிறதா? வழக்கத்தில இல்ல.

— குடி பொம்பிளையாலதானே அப்பா வருது? பெத்துக் குடுக்கிறது நாங்க, வெத்தில வாங்கிறது மட்டும் நீங்களா?

— இத நான் எங்கட மரைக்காருக்குச் சொல்லிக் காட்டணும். சொல்லிப்போட்டு ஓடணும்.

— சும்மா இரு தம்பி! மகள்... அப்ப நீ போ. நீயும் கோரையன் குடிதானே.

— இண்டைக்குத்தான் அப்பா முதல்முதலா அதச் சொல்லுறீங்க.

— சொன்னன் தானே? போ. கெதியாப் போ.

— தாய் உயிரோட இருக்க மகள் போய் வாங்கிறதா? மூத்தவ இருக்க இளையவ வாங்கினா அதுக்கொரு கேஸ் வரும். நீங்களே போடுவீங்க.

— காக்கா, கெதியா முடிவு சொல்லுங்க. நேரம் போகுது.

— நீ போன் எடு, மகள். அம்மாவக் கூப்பிடு.

— காலையில கேட்டன் அப்பா. நான் கூப்பிட்டா வரமாட்டாவாம்.

— ஆர் கூப்பிட்டா வருவாவாம்?

— கேஸ் போட்டவர் கூப்பிட்டா.

— *கோரையன் குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். நான்காந்தரம்.*

— என்னால ஏலாது.

— சரி அப்பா.

— ஏலாது எண்டுறன். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க, எனக்கு முந்திப் போய் வாங்கெண்டு, நானே, என்ட வாயால...

— சரி. கூப்பிடாதீங்க.

— நீ ஏன் இப்பிடிச் சரி சரியெண்டுற? உனக்குத் தெரியுமா, அவ ஏன் என்னோட கதைக்கிறல்ல எண்டு? கேஸ் போட்டதாலயெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாய்.

— இல்ல அப்பா. எனக்குத் தெரியும். கோட்டுக் கூண்டில ஏறி நிண்டு, கோரையன் குடி வந்தேறு குடி, அவங்களுக்கு இந்த ஊரில மண்ணில்லயெண்டு சொன்னீங்க. அண்டைக்கும் வந்து அம்மாட வளவில கால் கழுவிப்போட்டு, அம்மாட வயல் அரிசிச் சோறு சாப்பிட்டீங்க. அம்மா கோப்பையக் கழுவி வெச்சுப்போட்டு, அதுக்குப் பிறகுதான் வாயப் பூட்டினா.

— வக்கீல் சொல்லச் சொன்னது அது.

— வக்கீல் எங்கட வீட்டில சாப்பிடல்லயே.

— ...எனக்கு வெக்கமாக் கிடக்கு மகள். அண்டைக்கே வெக்கம்தான். சோத்தப் பிசைஞ்சன், இறங்கல்ல. அவட முகத்தப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவமெண்டு மூண்டு வருசம் போயிற்று.

— காக்கா, குறுக்க வாறதுக்குக் கோவிக்காதீங்க. வில்லடிப் பொடியன் ஒருத்தன் ஒரு கதிரையத் தூக்கிட்டான். இருக்கிறதுக்கு இல்ல.

— இப்ப வீட்டுக்குப் போய்க் கூட்டி வர நேரம் இருக்கா? பாதைப் படகில ஏறி ஆத்துக்கு அங்கால போகணுமே!

— அம்மா வீட்டில இல்ல. கோயில் வாசலுக்கு வெளியில, கச்சான் கடலைக் கடைக்குப் பக்கத்தில, குடையப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. விடியவே வந்திட்டா. அந்த மாம்பழக் கலர்ப் பட்டுச் சாறி.

— கூறைக்குப் பிறகு நான் எடுத்துக் குடுத்த சாறியா?

— அதுதான்.

— என்னெண்டு கூப்பிடுற? முப்பது வருசத்தில நான் அவவப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘இஞ்ச பாரு’ எண்டுதான் கூப்பிடுவன்.

— அதுக்கு வரமாட்டா. ‘இஞ்ச பாரு’ எண்டு ஒரு குடி இல்ல.

— மைக் தரட்டா காக்கா?

— வேணாம் தம்பி. இது... இது மைக்கில கூப்பிடுறதில்ல. நான் போறன்.

— தனுஷா, அவர்ட செருப்பு இஞ்ச கிடக்கு! வெறுங்காலோட ஓடுறார், சுடுமணல்ல!

— போகட்டும். நீங்க ஓட்டையால பாத்துச் சொல்லுங்க. எனக்கு மிசின விட்டுக் கை எடுக்கேலாது.

— சனத்தப் பிளந்துகொண்டு போறார். மஞ்சளடியார் கையப் பிடிக்கிறார், உதறிப்போட்டுப் போறார். ஐயர் தட்டோட ஆவெண்டு பாக்கிறார். கேற்ற விட்டு வெளியில போயிட்டார். கச்சான் கடைக்கு இஞ்சால நிக்கிறார். நிக்கிறார். இன்னும் நிக்கிறார்.

— கூப்பிட்டாரா?

— வாய் அசையுது, சத்தம் வரல்ல.

— *கோரையன் குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். ஐந்தாந்தரம்.*

— பஸ்னா, கொஞ்சம் பொறு புள்ள, உன்ட நாநா சொல்லுறன்... கேட்டுதா? தனுஷா, கேட்டுதா அது?

— கேட்ட.

— ‘இராசாத்தி’ எண்டு பேர் சொல்லி! ஹோர்ன் இல்லாமலே இஞ்ச கேக்குது! கச்சான்காரனும் எழும்பி நிக்கிறான்.

— அம்மா?

— அசையல்ல. குடையக் கொஞ்சம் சரிச்சு இவரப் பாக்கிறா. இவர் என்னமோ சொல்லுறார். நீளமாச் சொல்லுறார். கையக் கும்பிடப் போறார் போல, இல்ல, சால்வைய எடுத்து இடுப்பில கட்டுறார்.

— அது ஐயருக்கு முன்னாலயும் அம்மனுக்கு முன்னாலயும்தான் கட்டுறது.

— குடைய மடக்கிட்டா! மடக்கிக் கச்சான்காரன்ட கையில குடுக்கிறா. வாறா, தனுஷா! முன்னுக்கு அவ, பின்னால இவர். சனம் வழி விடுது. அந்தக் கதிரையத் தூக்கின பொடியன் கதிரைய அப்பிடியே அவக்கு நீட்டுறான், இருங்க மாமி எண்டு. இருக்கல்ல. நேரா போறா. ஐயர் வண்ணக்கர்ட முகத்தப் பாக்கிறார். இவர் தலைய ஆட்டுறார். குடுத்திட்டார்! வாங்கிட்டா! ...அழுறீங்களா?

— இல்ல. புகை. ஐயர் பட்டன அமத்தினாரா?

— *வேலாப்போடி குடியார் முன்வந்து அம்மன் காளாஞ்சியை ஏற்றுக்கொள்ளவும். முதலாந்தரம்.*

— அமத்திட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஒங்கட வாப்பா வாங்கிறார். ரெண்டு தட்டும் பக்கத்தில பக்கத்தில நிக்குது. இவர்ட தட்டில இருந்த மாலைய எடுத்து... இல்ல, வெக்கத்தில திரும்ப வெச்சிட்டார். ஆனா ஒண்டு, தனுஷா. அவ என்னமோ சொன்னா. அவர் சிரிக்கிறார்.

— என்ன சொன்னாவாம்?

— கேக்கல்ல. காலக் காட்டினா. செருப்ப எங்க எண்டு கேட்டிருப்பா.

— அப்ப சரி. மூண்டு வருசத்துக்குப் பிறகு முதல் கதை செருப்புக் கதை.

— வில்லடியும் போகுது. பொலிஸ்காரனும் மோர் குடிக்கிறான். இனி எனக்குச் சொல்லுங்க, இந்த அஞ்சாவது கோடு என்னெண்டு. நான் திறக்கிறன்.

— திறங்க.

— ‘மிசின் கோரையன் குடியக் கூப்பிடும். ஒருத்தரும் வரமாட்டாங்க. மூண்டாந்தரத்துக்குப் பிறகு அப்பா கூப்பிடுவார். அதுக்குப் பிறகு அம்மா வருவா. இந்த ஒழுங்கு பிழைச்சாச் சிவப்பு.’ அல்லாஹ்வே! வாப்பாக்கும் உம்மாக்குமா போலி செஞ்சீங்க?

— ஓம். மாமா வரமாட்டன் எண்டு எனக்கு மட்டும் சொன்ன அண்டைக்கு எழுதினன். ஒரு கிழமையாச்சு. ஓடவிட்டா, போலி அப்பா மூண்டாந்தரத்துக்குப் பிறகு உடன கூப்பிடுவார். போலி அம்மா உடன வருவா. நீங்க சொன்ன மாதிரி, மிச்சம் நல்ல பிள்ளைகள். அவங்கள வெச்சு அதப் பச்சையாக்க எனக்கு மனம் வரல்ல. அதுதான் ஓடாம நிப்பாட்டி வெச்சன்.

— உண்மையான வாப்பாக்கு அஞ்சாந்தரம் வேண்டியிருந்த. அப்ப சோதனை தோல்விதானே?

— ஒழுங்கு சரிதானே. கொஞ்சம் சுணங்கிட்டு, அவ்வளவுதான்.

— ஆனாலும் புள்ள, நீங்க சூதாட்டக்காரி. அந்த மனுசன் ஏலாதெண்டு வீட்ட போயிருந்தா? கதிரை பறந்து, கோயில் திரும்பவும் பூட்டி, ஊரே நாசமாயிருக்கும். தாண்டிற பட்டனும் இல்லாத மிசின்!

— ஆர் சொன்ன இல்லயெண்டு? முதலாந்தரம் கூப்பிட்ட நேரம் துவங்கி, இந்தா, என்ட பெருவிரலுக்குக் கீழதான் கிடந்த.